ஞாயிற்றுக்கிழமை என்று அடித்துப் பார்த்தீர்களா? கையோடு கொண்டுபோகும் கணினி பற்றிக் கேள்வி பதில்

2001-இலிருந்து 17 மெஷின் வாங்கியிருக்கிறேன். 11 விற்றாயிற்று, இரண்டு பரணில், ஒன்று மச்சினன் வீட்டில், மூன்று மேசைமேல். தேடியது என்னவோ ஒன்றைத்தான். பையில் இருப்பதே தெரியக்கூடாது, மடியில் வைத்து இரண்டு கையாலும் அடிக்க வரவேண்டும், சாயங்காலம் வரை சார்ஜரைத் தேடக்கூடாது. கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். கேமிங் லேப்டாப் எனக்குத் தெரியாது, இப்போதே சொல்லிவிட்டேன்.

கேள்வி: அண்ணே, இத்தனையில் "இதுதான்டா" என்று தோன்றியது எது?

சையான் சீரிஸ் 5 என்ற கையடக்கக் கணினி. (பேருக்கு முன்னால் ஒரு பி எழுதுவார்கள், சொல்லமாட்டார்கள்.) 1997-இல் லண்டன் கம்பெனி போட்டது. செல்லோடு சேர்த்து எடை 354 கிராம். செல் என்றால் சுவர்க்கடிகாரத்துக்குப் போடுகிறோமே, அதே டபுள் ஏ, இரண்டு. தீர்ந்தால் பெட்டிக்கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டு விட்ட வரியிலிருந்து தொடரலாம். நான் வாங்கிய முதல் மெஷினே அதுதான், சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா மகனிடம் பாதி விலைக்கு. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

அதைத் திறப்பதைப் பார்க்கவேண்டும். மூடியைத் தூக்கத் தூக்க கீபோர்டு தானாக முன்பக்கம் நழுவி வரும், திரை அதன் பின்னால் சாய்ந்து உட்காரும். கண்காட்சிக்குச் செய்த வேலையில்லை அது. திரை தொடுதிரை, குச்சியால் குத்திக்கொண்டே இருப்போம், சின்ன மெஷினாக இருந்தால் குத்துகிற குத்தில் மல்லாந்துவிடும். கீபோர்டு முன்னால் வந்துவிட்டால் அடிப்பாகம் நீண்டு, திரையின் எடை அதற்குள்ளேயே அடங்கிவிடும். கவிழாது. மடியிலும் கவிழாது.

குறை இல்லாமல் இல்லை. திரை மங்கல், லைட்டைப் போட்டால் பாசி பிடித்த மாதிரி ஒரு பச்சை. தமிழ் வராது. 2001-லேயே கம்பெனி அந்தத் தொழிலை விட்டுவிட்டது, நான் வாங்கிய அதே வருடம், என் ராசி அப்படி.

அதற்கப்புறம் கிட்டே வந்தவை மூன்று. 2007-இல் ஆசுஸ் ஈ பிசி 701: 7 அங்குலத் திரை, ஒரு கிலோவுக்கும் குறைவு, லினக்ஸ், 4 ஜிபி சேமிப்பு. "சின்னது, மலிவானது போதும்" என்று அது சொன்னதும் எல்லாக் கம்பெனியும் நெட்புக் போட ஆரம்பித்து, ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கடைசியில் மட்டமான லேப்டாப்பாக ஆக்கி முடித்தார்கள். அடுத்து 2011-இல் வந்த திங்க்பேட் எக்ஸ்220. கீபோர்டு என்றால் அது. ஏழு வரிசை, பள்ளமான பொத்தான்கள், கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம். அடுத்த வருடமே எக்ஸ்230-இல் ஒரு வரிசையை எடுத்துவிட்டார்கள். யார் கேட்டது? மூன்றாவது 2020 கடைசியில் வந்த எம்1 மேக்புக் ஏர். 1.29 கிலோ, ஃபேனே கிடையாது, நாள் முழுக்க நிற்கிறது, தொடை வேகவில்லை. ஆனால் உள்ளே ரேம், சேமிப்பு எதையும் பிறகு கூட்ட முடியாது. அதைப் பற்றிக் கீழே.

கேள்வி: 50,000 ரூபாய்க்குள் நல்ல லேப்டாப் ஒன்று சொல்லுங்கள் சார்.

எதற்கு? யாருக்கு? எங்கே வைத்து வேலை செய்வீர்கள்? அதைச் சொல்லாமல் கேட்டால் ஜோசியம்தான் சொல்லமுடியும்.

கேள்வி: கல்லூரியில் சேரப்போகிறேன் அண்ணா. 8 ஜிபி ரேம் போதுமா? பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்கிறார் கடைக்காரர்.

அந்த "பிறகு" உண்டா இல்லையா என்று முதலில் பாருங்கள் தங்கச்சி. மெல்லிசு மெஷின்கள் பலவற்றில் ரேமை போர்டிலேயே சால்டர் வைத்து, கழற்ற முடியாமல் பற்றவைத்துவிடுகிறார்கள். வாங்கும் அன்றைக்கு என்ன இருக்கிறதோ அதுதான் ஆயுளுக்கும். சில மாடலில் பாதி சால்டர், பாதி கழற்றி மாட்டுகிற ஸ்லாட். மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு கம்பெனி பக்கத்தில் ஸ்லாட் எத்தனை என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். ஸ்லாட் இருந்தால் 8 வாங்கிப் பிறகு கூட்டலாம். இல்லையென்றால் 16-க்குக் கீழே தொடவேண்டாம், வேண்டுமானால் பிராசசரில் ஒரு படி இறங்குங்கள்.

அப்புறம், கடையில் நின்று அடித்துப் பார்த்துத்தான் வாங்கவேண்டும். படத்தைப் பார்த்து வாங்கிய மூன்றையும் நான் நஷ்டத்துக்கு விற்றேன்.

கேள்வி: தமிழில் நிறைய எழுதுகிறேன், தமிழ்99 கீபோர்டு அமைப்பில். சின்ன லேப்டாப் சரிப்படுமா?

வாங்க, இதைத்தான் யாராவது கேட்கமாட்டார்களா என்று உட்கார்ந்திருந்தேன்.

சின்ன மெஷின் செய்கிறவர்கள் இடம் போதவில்லையென்றால் முதலில் கைவைப்பது கீபோர்டின் வலது ஓரத்தில். அரைப்புள்ளி, மேற்கோள்குறி, சதுர அடைப்புக்குறி, சாய்கோடு. ஆங்கிலத்தில் அடிக்கிறவனுக்கு அவை குறிகள்தான், எப்போதாவது தேவைப்படும், பாதி அகலத்தில் இருந்தாலும் ஓடிவிடும். தமிழ்99-இல் உயிரெழுத்து இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. அரைப்புள்ளிப் பொத்தானில் 'ந' இருக்கிறது. மேற்கோள்குறியில் 'ய'. சதுர அடைப்புக்குறி இரண்டில் 'ச'வும் 'ஞ'வும். சாய்கோட்டில் நம்முடைய 'ழ'. அவர்கள் நறுக்கியது நிறுத்தக்குறியை, நமக்குப் போனது எழுத்து! ஒரு 8 அங்குல மெஷினில் மேற்கோள்குறியைக் கொண்டுபோய் இன்னொரு பொத்தானோடு சேர்த்து வைத்திருந்தார்கள். "ய" வரும் ஒவ்வொரு தடவையும் இரண்டு பொத்தான் அழுத்தவேண்டும். "செய்தியாளர்" என்று அடிப்பதற்குள் செய்தி பழசாகிவிடும். மூன்று வாரத்தில் விற்றேன்.

அதனால் ஒரு பரீட்சை. மெஷினில் தமிழ்99-ஐப் போடச் சொல்லுங்கள், விண்டோஸிலேயே இப்போது இருக்கிறது. "ஞாயிற்றுக்கிழமை நல்ல சேதி" என்று பத்து தடவை அடியுங்கள். ஞ, ய, ழ, ந, ச ஐந்தும் வந்துவிடும். கடைசிச் சுற்றில் சுண்டுவிரல் தடுமாறினால் பணத்தைத் திரும்பச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: கேமிங்குக்கு எது சார் பெஸ்ட்?

முதல் பத்தி, கடைசி வரி.

கேள்வி: எதற்கு இந்த அலைச்சல்? கையில் போன், மடக்குகிற ப்ளூடூத் கீபோர்டு ஒன்று. முடிந்தது வேலை.

மேசை இருந்தால் முடிந்தது. பாண்டியன் எக்ஸ்பிரஸில் சைடு லோயரில் உட்கார்ந்து செய்துகாட்டுங்கள். போன் எதன்மேல் சாயும்? கீபோர்டு முழங்காலில், போன் தண்ணீர் பாட்டிலில் சாய்ந்து, திண்டுக்கல் தாண்டுவதற்குள் இரண்டும் தரையில். பின்னால் கால் விரிக்கிற டேப்லெட்டும் இதே கதைதான். பேட்டரி, பிராசசர் எல்லாம் திரைக்குப் பின்னால், எடை மேலே, கீபோர்டு அட்டை மாதிரி. முட்டுக்கால் இல்லாமல் நிற்காது, அந்தக் காலை விரிக்க உங்கள் தொடை நீளம் பத்தாது. மடிக்கணினி என்று சும்மாவா பேர் வைத்தார்கள்? மடியில் நிற்கவேண்டும்.

அதே நண்பர்: அது மடிப்பதால் மடிக்கணினி. மடி என்றால் மடக்கு. தொடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இல்லை. மடிக்கிற கணினி என்றால் வினைத்தொகை, வினைத்தொகையில் ஒற்று மிகாது. "மடிகணினி" என்று வந்திருக்கும். நடுவில் 'க்' இருக்கிறது பாருங்கள்.

அதே நண்பர்: பேச்சுவழக்கில் யார் ஒற்றைப் பார்க்கிறார்கள்?

நான் பார்க்கிறேன்.

இன்னொருவர்: தமிழாசிரியர் என்ற முறையில் உள்ளே வருகிறேன். அவர் சொல்வது சரி. மடியில் வைக்கும் கணினி, ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. குடிக்கிற தண்ணீரைக் குடிதண்ணீர் என்கிறோம், குடித்தண்ணீர் என்பதில்லையே.

ஐயா, வணக்கம். இருபது வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்றைக்குத்தான் சாட்சி கிடைத்தது.

முதல் நண்பர்: அப்படியானால் 2020-இல் திரையையே புத்தகம் மாதிரி மடிக்கிற திங்க்பேட் எக்ஸ்1 ஃபோல்டு வந்ததே, அது என்ன?

அது மடிகணினி, ஒற்று இல்லாமல். நல்ல அடி, ஒப்புக்கொள்கிறேன். அதன் கீபோர்டு தனியாகக் கழன்று வரும், எனவே 'க்' போட அதற்குத் தகுதியும் இல்லை. சையான் மடியிலும் நிற்கும், மடிக்கவும் செய்யலாம், ஒற்று போட்டும் எழுதலாம், போடாமலும் எழுதலாம்.

ஆசிரியர்: சையானை யாப்பில் அடக்கிவிடாதீர்கள்.

கேள்வி: இலக்கணம் முடிந்ததா? 50,000-க்குள் ஒன்று சொல்லுங்களேன்.

மேலே.

கேள்வி: சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய ஆபீஸ் லேப்டாப் வாங்கலாமா?

தாராளமாக. கம்பெனிகள் மூன்று நான்கு வருடத்தில் கழிக்கிற மெஷின்கள், புதுசாக வரும் மலிவு மெஷின்களைவிட இவற்றின் கீபோர்டும் உடம்பும் உறுதி. பார்க்கவேண்டியது பேட்டரி. விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள், செய்தபோது எவ்வளவு பிடித்தது, இப்போது முழு சார்ஜில் எவ்வளவு பிடிக்கிறது என்று இரண்டு எண் வரும். பாதிக்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். மெஷினைச் சமதரையில் வைத்து நான்கு மூலையும் தட்டுங்கள். ஆடினால், அல்லது டச்பேடு லேசாக மேலே எழும்பியிருந்தால், உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். என்னுடையது ஒன்றில் டச்பேடு வாணலியில் போட்ட அப்பளம் மாதிரி எழும்பிவிட்டது, சர்வீஸ் சென்டரில் இருந்த பையன் "தூசி போயிருக்கும் சார்" என்றான். திறந்தால் மூன்று செல்லும் தலையணை. உப்பியதைக் குத்தவோ அமுக்கவோ கூடாது, சார்ஜும் போடக்கூடாது.

அடித்துப் பார்த்து வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை.

கேள்வி: எப்போதும் சார்ஜரிலேயே போட்டு வைக்கலாமா?

80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி நிறைய மெஷினில் இருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள். லித்தியம் பேட்டரிக்கு முழு வயிற்றோடு சூட்டில் கிடப்பதுதான் ஆகாது.

கேள்வி: விமானத்தில் கூடுதல் பேட்டரி கொண்டுபோகலாமா?

கையோடு கொண்டுபோகும் பையில், பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-ஹவருக்குள் (Wh) இருந்தால். செக்-இன் பெட்டியில் போடாதீர்கள்.

கேள்வி: ஆரம்ப காலத்தில் எல்லாம் தூக்கிச் சுமந்தார்களாமே?

1981-இல் வந்த ஆஸ்போர்ன் 1 ஏறக்குறைய 11 கிலோ, தையல் மெஷின் பெட்டி மாதிரி, 5 அங்குலத் திரை, பேட்டரியே கிடையாது. பிளக் இல்லாத இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால் தூக்கியதுதான் மிச்சம். இரண்டே வருடத்தில், 1983-இல் டிஆர்எஸ்-80 மாடல் 100 வந்தது. நான்கு டபுள் ஏ செல், வரிக்கு 40 எழுத்து, எட்டு வரி, நல்ல கீபோர்டு. வெளியூர் போன நிருபர்கள் அதில் செய்தி அடித்துத் தொலைபேசி வழியே அனுப்பினார்கள். மடியில் கச்சிதமாக உட்காரும். 1983-இல்!

கேள்வி: சார், பட்ஜெட் 50,000, 8 ஜிபி...

சாமி, மேலே. மேலே. தங்கச்சிக்குச் சொன்ன பதில்.

கேள்வி: அப்போ உங்கள் தேடல் முடிந்ததா அண்ணே?

வியாழக்கிழமை ஒன்று வருகிறது. பழசு, ஜப்பானிலிருந்து. படத்தைப் பார்த்துத்தான் வாங்கினேன், ஒன்றும் கேட்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று கூரியர்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.