யாருமே இல்லாத தீவா? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

அந்தமான் நிக்கோபாரின் கிரேட் நிக்கோபார் தீவில் வரவிருக்கும் துறைமுகத் திட்டத்தை எதிர்த்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். நாட்டின் பாதுகாப்புக்காகவாவது, கப்பல்கள் நிறையப் போகும் மலாக்கா நீரிணைக்குப் பக்கத்தில் நமக்கு ஒரு பெரிய துறைமுகம் வேண்டாமா? வெட்டும் மரங்களுக்குப் பதிலாக ஹரியானாவில் நடப்போகிறார்கள். 2004 சுனாமியையே தாங்கிய ஆமையும் பறவையும் இதைத் தாங்காதா? யாருமே இல்லாத தீவுக்காக இவ்வளவு கவலை எதற்கு?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

சுனாமியை நீங்கள் குறிப்பிட்டது நல்லது. அதிலிருந்தே தொடங்குகிறேன். அன்று தீவின் தென்முனை நான்கு மீட்டருக்கும் மேல் கீழிறங்கியது. இந்திரா முனைக் கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போனது. தீவின் தெற்கிலுள்ள கலாத்தியா விரிகுடாவில் ஏழுவரி ஆமைகள் (லெதர்பேக் எனப்படும் பெரிய கடலாமைகள்) முட்டையிட்டு வந்த மணற்கரையே காணாமல் போயிற்று. பிறகு சில ஆண்டுகளில் அலைகள் மறுபடி மணலைக் கொண்டுவந்து சேர்த்தன. ஆமைகளும் வந்தன. அரை டன் வரை கனக்கும் உடம்பை ராத்திரியில் கரைக்கு இழுத்துவந்து, பின்துடுப்புகளால் குழி பறித்து, முட்டையிட்டு, மணலைத் தள்ளி மூடிவிட்டுத் திரும்புகிற உயிர் அது.

துறைமுகம் வரப்போவது அதே விரிகுடாவில்தான். அலைத்தடுப்புச் சுவர்கள், தூர்வாரல், ஓயாத கப்பல் போக்குவரத்து, விடிய விடிய விளக்கு. பொரிந்து வரும் குஞ்சுகள் வெளிச்சத்தை வைத்துத்தான் கடல் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்கின்றன. கரையில் விளக்கு எரிந்தால் கரையை நோக்கியே ஊர்ந்து போய்ச் சாகும். இந்தக் கரையைச் சரணாலயப் பட்டியலிலிருந்து நீக்கியது 2021 ஜனவரியில். அதே ஆண்டு வெளியான தேசியக் கடலாமைச் செயல்திட்டம் கலாத்தியாவை ஆமைகளுக்கு முக்கியமான இடம் என்கிறது. இரண்டுமே அரசின் முடிவுகள்.

அப்புறம் நீங்கள் சொல்லும் பறவை, நிக்கோபார் மெகபோட். கோழி அளவு, பழுப்பு நிறம். இது அடைகாப்பதில்லை. கடற்கரையை ஒட்டிய காட்டில் மணலையும் சருகையும் காலால் வாரி வாரிப் பெரிய மேடாக்கி, முட்டையை அதற்குள் புதைத்துவிடும். சருகு மக்கும் சூட்டிலேயே முட்டை பொரியும். குஞ்சு தானாக மண்ணைக் கிளறி வெளியே வந்து, தாய் தகப்பன் துணையில்லாமல் பிழைத்துக்கொள்ளும். ஒரே மேட்டைப் பல வருடம் பயன்படுத்துவதும் உண்டு. கரையோரத்திலேயே இருந்த அந்த மேடுகளைச் சுனாமி வாரிக்கொண்டு போய்விட்டது. 1994 கணக்கெடுப்போடு ஒப்பிட்டால், 2006இல் இந்தப் பறவைகள் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்திருந்தன. மிஞ்சியவை புதிய கரையோரத்தில் மறுபடி மேடு கட்டின. பின்னால் காடு இருந்தது, அதனால் முடிந்தது. அந்தத் தீவின் காட்டில்தான் இப்போது சுமார் 130 சதுர கிலோமீட்டரைத் திட்டத்துக்குக் கேட்கிறார்கள். கடல் அடித்துவிட்டுப் பின்வாங்கியது. துறைமுகம் பின்வாங்காது.

ஹரியானா விஷயம் எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. 9.64 லட்சம் மரங்கள் வரை வெட்டப்படலாம் என்று அரசே 2023இல் நாடாளுமன்றத்தில் சொன்னது. வறண்ட வடக்கில் எத்தனை கன்று நட்டாலும் அங்கே மெகபோட் வராது, தேங்காய் நண்டு வராது.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சரி, தீவின் முக்கிய ஊரான கேம்பல் பேயில் 2012 முதல் ஐஎன்எஸ் பாஸ் என்ற கடற்படை விமானத்தளம் இருக்கிறது. அதற்கு நான் எதிர்ப்புச் சொல்லவில்லை. திட்டத்திலுள்ள சரக்குப் பெட்டகத் துறைமுகத்தையும், எட்டாயிரம் பேர் வாழ்ந்த தீவில் மூன்றரை லட்சம் பேருக்கான நகரத்தையும்தான் வேண்டாம் என்கிறேன்.

'யாருமே இல்லாத தீவு' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காட்டுக்குள் ஷோம்பென் மக்கள் வேட்டையாடி, கிழங்கும் தாழைப்பழமும் சேகரித்து வாழ்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் அவர்கள் 229 பேர். வெளியாட்கள் கொண்டுவரும் சாதாரணக் காய்ச்சலே அவர்களுக்கு ஆபத்து. தென்கரையிலும் மேற்குக்கரையிலும் நிக்கோபாரி மக்களின் ஊர்கள் இருந்தன. சுனாமிக்குப் பிறகு அரசு அவர்களை கேம்பல் பேக்குக் கொண்டுவந்து குடியமர்த்தியது. சொந்த ஊருக்குத் திரும்ப விடுங்கள் என்று அப்போதிருந்து கேட்டு வருகிறார்கள். அவர்களுடைய பழங்குடி மன்றம் 2022 ஆகஸ்டில் திட்டத்துக்குத் தடையின்மைச் சான்று கொடுத்தது. தங்கள் மூதாதையர் நிலமும் அதில் சேர்ந்திருக்கிறது என்று தெரிந்ததும் நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.