ஜப்பானிய மொழியில் நடனத்தைப் பற்றி எப்படிப் பேசுவது? டான்ஸு, ஒடொரி, மாய், புயோ: எந்தச் சொல் எப்போது?

கேள்வியில் உள்ள நான்கு சொற்களுக்கும் அகராதி 'நடனம்' என்றே பொருள் தருகிறது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. எந்த ஆட்டம் என்று தெரிந்தால்தான் எந்தச் சொல் என்று சொல்ல முடியும். பரதநாட்டியத்தைக் கூத்து என்றும் கரகாட்டத்தை நாட்டியம் என்றும் சொன்னால் நமக்குக் காது உறுத்துகிறதல்லவா, அதே உறுத்தல் ஜப்பானியருக்கும் உண்டு.

ஒடொரி என்பது தாளத்துக்குக் காலைத் தூக்கி, மிதித்து, துள்ளி ஆடுவது. இதன் வினைச்சொல் ஒடொரு. ஊர் கூடி ஆடும் ஆட்டங்கள் பெரும்பாலும் இந்தச் சொல்லில்தான் இருக்கின்றன. கோடையில் முன்னோரை வரவேற்று ஆடும் போன் ஒடொரி, ஆகஸ்ட் 12 முதல் 15 வரை தொகுஷிமா நகரத் தெருக்களில் நடக்கும் அவா ஒடொரி, ஆகஸ்ட் 13 முதல் 16 வரை நான்கு இரவும் விடிய விடிய ஆடும் குஜோ ஒடொரி எல்லாம் இந்த வகை. 2022இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த 41 ஆட்டங்களின் பொதுப்பெயரே ஃபுரியூ ஒடொரி. குஜோ ஒடொரி அதில் ஒன்று.

மாய் வேறு. பாதத்தைத் தரையிலிருந்து எடுக்காமல் இழைத்து நகர்ந்து, இடுப்பைத் தாழ்த்தி, நிதானமாகச் சுழல்வது. இதன் வினைச்சொல் மவு. 'நோ' நாடகத்திலும், கோயிலில் ஆடும் ககுராவிலும், சிங்கமுக ஆட்டமான ஷிஷிமாயிலும் மவு என்றே சொல்லுங்கள். ககுராவுக்கு ஒடொரு என்றால் கேட்பவர் உடனே திருத்துவார். கியோத்தோவில் பயிற்சியில் இருக்கும் கெய்ஷாவைக் குறிக்கும் மாய்கொ என்ற பெயரிலும் இந்த மாய்தான் இருக்கிறது. ஆனாலும் 1872 முதல் அதே நகரின் கியோன் பகுதியில் ஏப்ரல் மாதம் மாய்கொக்கள் ஆடும் நிகழ்ச்சிக்குப் பெயர் மியாகொ ஒடொரி. எனவே பெயர்களை அப்படியே மனப்பாடம் செய்யுங்கள், விதி வைத்துக் கணிக்காதீர்கள்.

புயோ என்பது மாய், ஒடொரி இரண்டின் எழுத்தையும் சேர்த்து மெய்ஜி காலத்தில் (1868–1912) புழக்கத்துக்கு வந்த சொல். எழுத்தாளர் சுபொஉச்சி ஷோயோ 1904இல் எழுதிய நாடகக் கட்டுரைக்குப் பிறகே அது பரவியது. மேடைக்கலையாகப் பேசும்போது மட்டும் இது பொருந்தும்: நிஹொன் புயோ, கொத்தென் புயோ, அதாவது செவ்வியல் நடனம். விருந்தில் நண்பர்கள் ஆடியதைப் புயோ என்று யாரும் சொல்வதில்லை. இதோடு புதோ என்பதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது ஹிஜிகாதா தத்ஸுமி 1959இல் தொடங்கிவைத்த, உடலை முறுக்கி ஆடும் நவீன வடிவம்.

டான்ஸு மேற்கிலிருந்து வந்தவற்றுக்கு: ஹிப் ஹாப், ஜாஸ், ஷாகோ டான்ஸு எனப்படும் ஜோடி நடனம். பாலேவுக்குத் தனிப்பெயர் உண்டு, பரே. கைப்பந்துக்கும் அதே ஒலிதான், ஏற்ற இறக்கம் மட்டும் மாறும். வெறுமனே பரே என்றால் எது என்று திருப்பிக் கேட்பார்கள். குராஷிக்கு பரே என்று சொல்லிவிட்டால் கேள்வி வராது.

இனி உச்சரிப்பு. ஒடொரு என்பதன் 'டொ'வை நம் 'ட' போல நாக்கை மடித்துச் சொல்லக்கூடாது. 'பந்து' என்பதன் கடைசி எழுத்தைப் போல நுனிநாக்கு மேல்பல்லின் அடியில் படவேண்டும். கடைசி உகரம் உதடு குவியாத உகரம். 'பாக்கு', 'காசு' என்று சொல்லும்போது வரும் குற்றியலுகரம் அப்படியே பொருந்தும், தமிழருக்கு இது இலவசமாகக் கிடைத்த வசதி. குறில் நெடில் பழக்கமும் அப்படித்தான். ஒடொரி நடனம், ஓடோரி பெருந்தெரு. சப்போரோவின் ஓடோரி பூங்காவை ரோம எழுத்துப் பலகையில் பார்த்து நடனப் பூங்கா என்று நினைப்பவர்கள் ஏராளம். ஜப்பானியத்தை ரோம எழுத்தில் படிக்காமல் கானா என்ற ஜப்பானிய அசையெழுத்திலோ தமிழ் எழுத்திலோ குறித்துக்கொண்டால் இந்தப் பிழையே வராது. ஒடொரொகு (வியப்படை), ஒடொசு (மிரட்டு) இரண்டும் பக்கத்தில் நிற்கும் வேறு வினைகள். 'ஒடொத்தெ குதசாய்' என்றால் ஆடுங்கள். நடுவில் 'ஷி' நுழைந்து 'ஒடொஷிதெ' ஆனால் மிரட்டுங்கள் என்று ஆகிவிடும்.

வினை வடிவங்களில் ஐந்து போதும்: ஒடொரிமஸ் (ஆடுகிறேன்), ஒடொரனாய் (ஆடமாட்டேன்), ஒடொத்தெ (ஆடி), ஒடொரெரு (ஆட முடியும்), ஒடொரிமஸென் கா (ஆடலாமா, வருகிறீர்களா). நாம் ஆட்டம் ஆடுவதுபோல அவர்களும் 'ஒடொரி ஒ ஒடொரு' என்கிறார்கள். ஆனால் நம் 'ஆடு' விளையாட்டையும் ஊஞ்சலையும் சேர்த்துக்கொள்ளும். ஒடொரு அவ்வளவு தூரம் போகாது. விளையாடுவது அசொபு, ஊசலாடுவது யுரெரு.

அதிகம் தப்பு நடப்பது உருபில். இசைக்கு ஏற்ப ஆடுவது 'ஒன்காகு நி அவசெதெ ஒடொரு'. தாளத்தோடு ஒன்றிப்போவதைச் சொல்ல 'ரிஸுமு நி நொரு', தாளத்தைப் பிடித்து எண்ணிக்கொள்வதைச் சொல்ல 'ரிஸுமு ஒ தொரு'. நி, ஒ இரண்டையும் மாற்றிப் போட்டால் வாக்கியம் உடைந்துவிடும். ஆடும் இடத்துக்கு 'டெ', கூட ஆடுபவருக்கு 'தொ'.

கற்றுக்கொள்கிறேன் என்பதற்குப் பாடப்புத்தகம் தரும் 'பென்க்யோ' இங்கே வேண்டாம், அது மேசையில் உட்கார்ந்து படிப்பது. ஆசிரியரிடம் உடலால் பழகுவது நரவு: 'நிஹொன் புயோ ஒ நரத்தெ இமஸ்'. மரபு நடனப் பயிற்சிக்குக் கெய்கொ என்று பெயர், டான்ஸுக்கு ரென்ஷூ அல்லது ரெஸ்ஸுன். கெய்கொ வகுப்பில் மண்டியிட்டு, மூடிய விசிறியை முன்னால் தரையில் கிடையாக வைத்து, தலை தாழ்த்தி 'யொரொஷிகு ஒனெகாய் இதஷிமஸ்' என்று சொன்ன பிறகே பாடம் தொடங்கும்.

பயிற்சி அறையில் எல்லாமே ஃபுரியைச் சுற்றித்தான் ஓடும். ஃபுரி என்றால் அசைவு. நடன அமைப்பு ஃபுரித்ஸுகெ, அசைவுகளை மனதில் ஏற்றிக்கொள்வது 'ஃபுரி ஒ ஒபொஎரு', மேடையில் திடீரென மறந்துபோவது 'ஃபுரி கா தொபு', அதாவது ஃபுரி பறந்துவிட்டது. டான்ஸு வகுப்பில் எட்டு எண்ணிக்கை கொண்ட ஒரு கட்டு 'வன் எய்ட்டொ'; ஆசிரியர் எண்களை ஆங்கில உச்சரிப்பை ஒட்டியே சொல்வார், இச்சி நி சன் என்று காத்திருந்தால் முதல் கட்டைத் தவறவிடுவீர்கள். 'கொஷி ஒ ஒதொஷிதெ' என்றால் இடுப்பைத் தாழ்த்து. புரியாதபோது 'மோ இக்காய் ஒனெகாய்ஷிமஸ்', இன்னொரு முறை.

போன் ஒடொரிக்குப் போகிறவர் கையில் மூன்று வாக்கியம் இருந்தால் போதும். 'வா நி ஹாயித்தெ மொ ஈ தெஸ் கா', வட்டத்துக்குள் வரலாமா. 'ஃபுரி ஒ ஒஷியெதெ குதசாய்', அசைவைச் சொல்லிக்கொடுங்கள். 'மியோ மிமனெ டெ ஒடொரிமஸ்', பார்த்துப் பார்த்து அப்படியே ஆடுகிறேன். கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் பக்கத்தில் இருப்பவர் தானாகவே வேகத்தைக் குறைத்துக் காட்டுவார். அவா ஒடொரியில் ஆடும் குழு ரென். முன்பயிற்சி இல்லாமல் வருகிறவர்களுக்கு நிவகா ரென் என்ற குழு இருக்கிறது, அதில் சேர்ந்துகொள்ளலாம்.

பாராட்டும்போது ஒரு எச்சரிக்கை. தன்னைப் பற்றிச் சொல்லும்போது ஜோஸு, அதாவது திறமை, என்ற சொல்லே கூடாது. 'ஒடொரி கா சுகி தெஸ்' (பிடிக்கும்) என்று நிறுத்திக்கொள்ளுங்கள். நண்பரிடம் ஜோஸு தாராளமாகச் சொல்லலாம். ஆனால் குருவிடமோ மூத்த கலைஞரிடமோ சொன்னால், நீங்கள் மதிப்பெண் போடுவதுபோல ஆகிவிடும். அவர்களுக்கு 'மிதொரெமஷிதா', கண்ணெடுக்க முடியவில்லை என்பதே சரியான மரியாதை.

பரதநாட்டியம் ஆடுபவர் 'இந்தொ நொ டான்ஸு' என்று அறிமுகம் செய்தால், கேட்பவர் மனதில் திரைப்படப் பாட்டுதான் வரும். 'மினமி இந்தொ நொ கொத்தென் புயோ' என்று சொல்லுங்கள், தென்னிந்தியச் செவ்வியல் நடனம். முத்திரைக்கு 'தெ நொ கதாச்சி', கையின் வடிவம்; சலங்கைக்கு 'அஷி நி ஸுஸு ஒ ட்ஸுகெமஸ்', காலில் மணி கட்டுவோம்; அபிநயத்துக்கு 'ஹ்யோஜோ டெ மொனொகதாரி ஒ த்ஸுதாயெமஸ்', முகபாவத்தால் கதை சொல்வோம்.

மவு, ஒடொரு என்ற இரு வினைகளும் மேடைக்கு வெளியிலும் புழங்குகின்றன. பனியும் பூவிதழும் காற்றில் சுழன்றால் மவு: 'யுகி கா மவு'. மகிழ்ச்சியில் நெஞ்சு துள்ளினால் 'முனெ கா ஒடொரு'. நடனத்துக்கான ஒடொருவும் இதுவும் ஒலியில் ஒன்றே, எழுதும்போது மட்டும் வேறு கான்ஜி (சீனவழி) எழுத்து வரும். பிறர் ஆட்டிவைத்தபடி ஆடுவதை நாம் சொல்வதுபோலவே அவர்களும் 'ஒடொரசரெரு' என்பார்கள். வதந்தியை நம்பி ஓடுகிறவரைப் பற்றி நாளிதழில் இந்தச் சொல் வந்தால் நடனத்தைத் தேடாதீர்கள், அவரை யாரோ ஆட்டிவைக்கிறார்கள் என்று படியுங்கள்.