வைப்பர் ஏன் சுற்றுகிறது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

கம்ப்யூட்டரில் எமுலேட்டர் போட்டு, பழைய பிளேஸ்டேஷன் கார் ரேஸ் கேமான கிரான் டூரிஸ்மோ 2-ஐ மறுபடி விளையாட ஆரம்பித்திருக்கிறேன். கீபோர்டில்தான். நிசான் ஸ்கைலைன் கார் நன்றாகவே கைக்கு வந்துவிட்டது. காசு சேர்த்து டாட்ஜ் வைப்பர் ஜிடிஎஸ் வாங்கினேன். வளைவு முடிந்து ஆக்சிலரேட்டரைத் தொட்டாலே போதும், வண்டி சுற்றிக்கொண்டு வந்த வழியைப் பார்த்து நிற்கிறது. கேமில் இந்தக் காரைச் சரியாகச் செய்யவில்லை என்கிறான் நண்பன். நிஜ வைப்பரும் இப்படித்தானா? இவ்வளவு தொல்லை பிடித்த காரை ஏன் ரேஸ் கேம்களில் எல்லாம் வைக்கிறார்கள்?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

நிஜ வைப்பரும் இப்படித்தான். உங்கள் நண்பர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், அந்தக் கேமில் ரொம்பச் சரியாக வந்திருப்பதே அந்தச் சுற்றுதான்.

1989-இல் டெட்ராய்ட் கார் கண்காட்சியில் வைப்பரை மாதிரி வண்டியாக வைத்தார்கள், 1992-இல் விற்பனைக்கே வந்துவிட்டது. ஆர்டி/10 என்ற அந்த முதல் வைப்பருக்கு 8 லிட்டர், பத்து சிலிண்டர் இன்ஜின். அதாவது ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 800 சிசி. மாருதி 800-இன் முழு இன்ஜினே 796 சிசிதான், அதைப்போலப் பத்தை ஒரே பானெட்டுக்குள் அடைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். 400 குதிரைத்திறன் என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால் பார்க்க வேண்டியது டார்க், அதாவது இன்ஜின் சுழற்றும் விசை, நிமிடத்துக்கு 3600 சுற்றிலேயே (ஆர்பிஎம்) சுமார் 630 நியூட்டன் மீட்டர், அத்தனையும் பின்சக்கரம் இரண்டுக்கு மட்டும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இல்லை, சக்கரம் வழுக்கினால் சக்தியைக் குறைக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இல்லை, ஏர்பேக் இல்லை, கதவைத் திறக்க வெளியே கைப்பிடிகூட இல்லை, ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, ஜிப் வைத்த பிளாஸ்டிக். புகைக்குழாய் கதவுக்குக் கீழே பக்கவாட்டில் ஓடும், இறங்கும்போது கெண்டைக்கால் பட்டால் சுட்டுவிடும். கதவடியில் எச்சரிக்கை எழுதி ஒட்டியிருந்தார்கள்.

உங்களுடைய ஜிடிஎஸ் 1996-இல் வந்தது. கூரை வந்தது, ஏர்பேக் வந்தது, திறனும் 450 ஆனது. டிராக்‌ஷன் கன்ட்ரோல் மட்டும் வரவில்லை. ஏபிஎஸ் வரவே 2001 ஆயிற்று, வண்டி சறுக்கினால் தானாகப் பிடித்துக்கொள்ளும் எலக்ட்ரானிக்ஸ் 2013 மாடலில்தான் வந்தது.

இப்போது உங்கள் ஸ்கைலைனுக்கு வாருங்கள். நீங்கள் ஓட்டுவது அதன் ஜிடி-ஆர் வகையாகத்தான் இருக்கும். அதில் இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ விழித்துக்கொள்ள ஆர்பிஎம் ஏற வேண்டும், விழித்த பிறகும் பின்சக்கரம் வழுக்கினால் சக்தியில் ஒரு பங்கு முன்சக்கரத்துக்குப் போய்விடும். கொஞ்சம் அதிகமாக அழுத்தினாலும் மன்னித்துவிடும் வண்டி அது. வைப்பரில் காத்திருப்பும் இல்லை, பங்கு போட ஆளும் இல்லை. நீங்கள் அழுத்திய கணத்தில் எல்லாம் பின் டயருக்கு வந்து சேருகிறது, ஸ்டீயரிங் இன்னும் நேராகாமல் இருந்தால் டயர் ஒரே நேரத்தில் பக்கவாட்டுப் பிடியையும் முன்னோக்கிய தள்ளலையும் தாங்க முடியாமல் விட்டுவிடுகிறது. அதோடு, கீபோர்டில் மேல் அம்புக்குறிக்குப் பாதி அழுத்தம் என்று ஒன்று கிடையாது. பூஜ்யம், இல்லையென்றால் நூறு. உலகத்தில் எந்த ஓட்டுநரும் ஒரு வைப்பரை வளைவில் அப்படி மிதிக்க மாட்டார்.

எனக்கும் இதே கதைதான். 1994-இல் வந்த முதல் நீட் ஃபார் ஸ்பீட் கேமில் எட்டுக் கார்கள், அதில் சிவப்பு ஆர்டி/10 ஒன்று. ஒவ்வொரு காருக்கும் நிஜமாகப் படமெடுத்த ஒரு வீடியோ ஓடும், வைப்பர் வீடியோவை மட்டும் நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். கிரான் டூரிஸ்மோவுக்கு வந்தபோது பல வாரம் சுற்றிச் சுற்றி நின்றேன். அப்புறம் ஒருநாள் கேம்பேடில் எக்ஸ் பட்டனை விட்டுவிட்டு ஆக்சிலரேட்டரை, கட்டைவிரலால் தள்ளும் வலது குச்சிக்கு மாற்றினேன். கட்டைவிரலை நெல் அளவு நகர்த்தினால் நெல் அளவு சக்தி. டிரையல் மவுண்டன் டிராக்கில் குகையை விட்டு வெளியே வரும்போது பின்பக்கம் லேசாக அசைந்தது, ஆனால் சுற்றவில்லை. அந்த அசைவு இன்னும் என் விரலில் இருக்கிறது.

ஏன் கேம்களில் எல்லாம் இருக்கிறது என்று கேட்டீர்கள். இந்தக் காரும் கார் கேம்களும் ஒரே காலத்தில் வளர்ந்தவை, அது ஒரு காரணம். நீலத்தில் இரண்டு வெள்ளைக் கோடு போட்ட ஜிடிஎஸ்ஸை எத்தனை மட்டமான கிராபிக்ஸிலும் அடையாளம் தெரியும், அது இன்னொன்று. அதோடு நிஜக் களத்திலும் பேர் வாங்கிய கார். அதன் ரேஸ் வடிவமான ஜிடிஎஸ்-ஆர், பிரான்சின் லு மான்ஸ் 24 மணி நேரப் போட்டியில் 1998, 1999, 2000 என்று மூன்று வருடமும் தன் பிரிவில் ஜெயித்தது, 2000-இல் அமெரிக்காவின் டேடோனா 24 மணி நேரப் போட்டியை ஒட்டுமொத்தமாகவே ஜெயித்தது. 1998-இல் வைப்பர் ரேசிங் என்று இந்த ஒரு காருக்காகவே ஒரு பிசி கேம்கூட வந்தது.

எனக்கு வருத்தம் தருவது வேறு. பின்னால் வந்த பல கேம்களில் வைப்பரை எல்லாக் கார் மாதிரியும் ஆக்கிவிட்டார்கள். 2005-இன் நீட் ஃபார் ஸ்பீட்: மோஸ்ட் வான்டடில், நாம் ஜெயிக்க வேண்டிய எதிரிகள் பட்டியலில் நான்காவது ஆளான ஜேவி ஓட்டுவது வைப்பர் எஸ்ஆர்டி-10தான். ஜெயிக்க ஆசையாக இருக்கும், கேமும் எனக்குப் பிடிக்கும், ஆனால் அதில் முழுசாக மிதித்துக்கொண்டே வளைவைத் தாண்டலாம். விரியன் பாம்பின் பெயரை வைத்துவிட்டுப் பல்லைப் பிடுங்கினால் எப்படி? உங்கள் நண்பர் குறை என்று சொல்வதைப் பழைய கேம்கள் விடாமல் வைத்திருந்தன, அதற்காகவே எனக்கு அவற்றின் மேல் மரியாதை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: ஒரு கேம்பேட் வாங்கி, ஆக்சிலரேட்டரை வலது குச்சியில் வையுங்கள். இரண்டாவது கியரில் எடுக்கும் வளைவுகளை மூன்றாவதில் எடுத்துப் பாருங்கள், இந்த இன்ஜினுக்கு அது போதும். பிரேக்கை நேர்கோட்டிலேயே முடித்துவிடுங்கள். லகூனா செகா டிராக்கில் கார்க்ஸ்க்ரூ என்ற செங்குத்தான வளைவில் இறங்கியதும் கை பரபரக்கும், அடுத்த இடது வளைவில் மூக்கு நேராகும்வரை குச்சியைப் பாதிக்கு மேல் தள்ளாதீர்கள். சுற்றாமல் ஒரு லேப் முடிந்ததும் டைமை எழுதி அனுப்புங்கள்.