வாட்டர் பாத்தில் 0.6 டிகிரி வித்தியாசம்: ஆஃப்செட்டைத் தொடும் முன்

கேள்வி: எங்கள் குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் மலக் கோலிஃபார்ம் (தண்ணீரில் மலம் கலந்திருப்பதைக் காட்டும் பாக்டீரியா) சோதனைக்குப் பயன்படுத்தும் வாட்டர் பாத்தின் (சோதனைக்குழாய்களை ஒரே வெப்பநிலையில் வைக்கும் நீர்த்தொட்டி) டிஸ்ப்ளே 44.5 டிகிரி செல்சியஸ் காட்டும்போது, சான்றிதழ் பெற்ற கண்ணாடித் தெர்மாமீட்டர் 43.9 காட்டுகிறது. கண்ட்ரோலரில் ஆஃப்செட்டை 0.6 கூட்டிவிட்டால் சரியாகிவிடுமா?

பதில்: கூட்டினால் பிழை இரட்டிப்பாகும். பெரும்பாலான கண்ட்ரோலர்களில் ஆஃப்செட் என்பது சென்சார் தரும் அளவோடு கூட்டப்படும் எண். 0.6 கூட்டியவுடன் டிஸ்ப்ளே 45.1 காட்டும், அதை 44.5-க்கு இறக்குவதற்காகக் கண்ட்ரோலர் ஹீட்டரை அணைத்து வைக்க, தண்ணீர் 43.3 டிகிரிக்குப் போய்விடும். உங்களுக்கு வேண்டியது கழித்தல். ஆனால் எவ்வளவு கழிப்பது என்பது இன்னும் தெரியாததால், இப்போதைக்கு அந்தப் பொத்தானைத் தொட வேண்டாம்.

இந்தச் சோதனைக்கு 44.5-க்கு மேலும் கீழும் 0.2 டிகிரிதான் அனுமதி. வெப்பநிலை குறைந்தால், மலத்தோடு தொடர்பில்லாத கோலிஃபார்ம்களும் வளர்ந்து நல்ல தண்ணீரைக் கெட்டதாகக் காட்டக்கூடும். அதிகமானால், தண்ணீரில் இருக்கும் ஈ.கோலை என்ற மலப் பாக்டீரியாவே வளராமல் போய்க் கெட்ட தண்ணீருக்கு நற்சான்று கொடுத்துவிடுவோம். இரண்டாவது பிழை குடிப்பவரின் வயிற்றில் போய் முடிகிறது என்பதால் இதில் அவசரம் கூடாது.

முதலில் தெர்மாமீட்டரையே சோதியுங்கள். காய்ச்சி வடித்த நீரில் உறைய வைத்த ஐஸைப் பொடியாக நொறுக்கி, அகன்ற வாய்ப் பிளாஸ்க்கில் இறுக்கி நிரப்பி, இடைவெளிகள் நிறையும் அளவுக்கு மட்டும் அதே நீரை ஊற்றுங்கள். ஐஸ் மேலே மிதந்து அடியில் வெறும் தண்ணீர் நின்றால் பயனில்லை. கால் மணி நேரம் கழித்துப் பார்க்கும் அளவு, சான்றிதழில் பூஜ்யத்துக்குத் தந்திருக்கும் அளவிலிருந்து நகர்ந்திருந்தால், அதே நகர்வு 44.5-இலும் இருக்கும் என்று கொள்ளலாம். கொதிநிலையைக் கொண்டு சோதிக்க வேண்டாம். அது காற்றழுத்தத்தோடு மாறும், உதகமண்டலத்தில் தண்ணீர் 93 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும்.

அடுத்தது, பலரும் மறந்துவிடும் தண்டுத் திருத்தம். முழுதும் மூழ்கியிருக்க வேண்டிய பாதரசத் தெர்மாமீட்டரைப் பாதி வெளியே நீட்டி வைத்துப் படித்தால், அறைக்காற்றில் நிற்கும் பாதரசம் குளிர்ந்து அளவைக் குறைத்துக் காட்டும். பாதரசத் தம்பத்தில் வெளியே நிற்கும் டிகிரிகளின் எண்ணிக்கையை, பாத்துக்கும் தண்டைச் சுற்றியுள்ள காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, மீண்டும் 0.00016-ஆல் பெருக்குங்கள். 40 டிகிரி நீளம் வெளியே இருந்து, அறை 30 டிகிரியாக இருந்தால், இது ஏறத்தாழ 0.09 வரும். அப்படியானால் உங்கள் 43.9 உண்மையில் 44.0, கழிக்க வேண்டியதும் 0.6 அன்று, 0.5. சான்றிதழிலுள்ள திருத்தத்தையும் சேர்த்த பிறகே இந்தக் கணக்கு முழுமையாகும்.

இனித் தண்ணீர். சோதனைக்குழாய்களுக்குள் இருக்கும், பாக்டீரியா வளர்வதற்கான திரவ ஊடகத்தின் மட்டத்துக்கு மேலே பாத்தின் நீர்மட்டம் நிற்க வேண்டும். மூடி போட்டிருக்க வேண்டும். ஸ்டிரர் ஓட வேண்டும். வழக்கமான எண்ணிக்கையில் குழாய்களை ஸ்டாண்டில் வைத்து, ஒரு மணி நேரம் நிலைப்பட விட்டு, நான்கு மூலைகளிலும் நடுவிலும் குழாய்கள் நிற்கும் ஆழத்திலேயே, ஒவ்வோர் இடத்திலும் அரை மணி நேரம், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுங்கள். எல்லா ரீடிங்குகளிலும் மிக உயர்ந்ததற்கும் மிகக் குறைந்ததற்கும் 0.4 டிகிரி வித்தியாசம் வந்துவிட்டால், அனுமதியின் முழு அகலமும் அதிலேயே தீர்ந்துவிடும். எந்த ஆஃப்செட்டும் அந்தப் பாத்தைக் காப்பாற்றாது. சுழற்சியைச் சரிசெய்வதுதான் வழி.

சென்சார் வயரையும் பாருங்கள். பிடி-100 சென்சாரில் (மின்தடை மாறுவதைக் கொண்டு வெப்பநிலையை அளக்கும் பிளாட்டினம் சென்சார்) ஒரு டிகிரிக்கு மாறும் மின்தடை ஏறத்தாழ 0.385 ஓம் மட்டுமே. நான் பார்த்த ஒரு கூடத்தில் பாத்தை வேறு மேசைக்கு மாற்றியபோது, இரண்டு வயர் இணைப்பில் மெல்லிய வயரை ஒட்டுப்போட்டு நீட்டியிருந்தார்கள். டேப்பைப் பிரித்தபோது முறுக்கிய செம்பு பச்சை பூத்திருந்தது. இத்தகைய ஒட்டில் 0.2 ஓம் கூடினாலே டிஸ்ப்ளே அரை டிகிரி அதிகமாகக் காட்டும். உங்களுடைய பிழையும் அதே திசையில்தான் இருக்கிறது. ஒட்டு இருந்தால் ஆஃப்செட்டால் மறைக்காமல் வயரை மாற்றுங்கள். மின்தடை நாளுக்கு நாள் ஏறக்கூடியது.

இவையெல்லாம் முடிந்தும் வித்தியாசம் நிலையாக நின்றால் மட்டும், ஐந்து இடங்களின் சராசரியைக் கொண்டு ஆஃப்செட்டைக் கழித்தலில் வைத்து, மறுபடி ஒரு மணி நேரம் கழித்து ரீடிங்குகளைத் திரும்ப எடுங்கள். இந்தத் திருத்தம் 44.5-க்கு அருகில் மட்டுமே செல்லும்; அதே பாத்தை 35 டிகிரிக்கும் பயன்படுத்தினால் அங்கே தனியாக அளக்க வேண்டும்.

மாற்றுவதற்கு முன் இருந்த ரீடிங்குகளை அழிக்காமல் பதிவேட்டில் எழுதிவையுங்கள். கடைசியாகச் சரியாக இருந்த சோதனை நாளிலிருந்து இன்றுவரை நீங்கள் கொடுத்த மலக் கோலிஃபார்ம் அறிக்கைகளை மறுபரிசீலனை செய்ய, உங்களிடம் இருக்கப்போகும் ஆதாரம் அவைதான்.