வீட்டுக்கு வந்தபிறகு தெரிகிற கம்பம்

வணக்கம்.

கேமரா வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. ஆயிரக்கணக்கில் எடுத்துத் தள்ளிவிட்டேன். எடுக்கும்போது எல்லாம் நன்றாகத்தான் தெரிகிறது. வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால் தலைக்கு மேல் கம்பம் முளைத்திருக்கிறது, ஓரத்தில் யாருடைய கையோ நீட்டிக்கொண்டிருக்கிறது. கூட வரும் நண்பர் அதே இடத்தில் நின்று நான் பார்க்கவே பார்க்காத எதையோ எடுத்துவிடுகிறார். இது பிறவியிலேயே வருகிற கண்ணா, பழக்கினால் வருமா? நல்ல லென்ஸ் வாங்கினால் சரியாகுமா? ஊஞ்சலில் ஆடும் அக்கா மகளின் படம் ஒன்றை இணைத்திருக்கிறேன். கம்பத்தைப் பொறுத்துக்கொள்ளவும்.

செ.

அன்புள்ள செ.,

லென்ஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வேண்டாம்.

கம்பம் வீட்டில் உங்கள் கண்ணில் பட்டுவிடுகிறது இல்லையா? அப்படியென்றால் கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை, கொஞ்சம் தாமதமாக வருகிறது, அவ்வளவுதான். வீட்டில் உட்கார்ந்து குற்றம் கண்டுபிடிக்கிற அதே கண்ணை ஷட்டரை அமுக்குவதற்கு முன்பே வரவழைக்க வேண்டும், நான் சொல்லப்போவது எல்லாம் அதற்கான வேலைதான்.

கையை நேராக நீட்டிக் கட்டைவிரலைத் தூக்கிப் பிடியுங்கள். அந்த நகம் மறைக்கிற இடம், ஏறக்குறைய 2 டிகிரி, அவ்வளவுதான் ஒரு நேரத்தில் நமக்குத் துல்லியமாகத் தெரிகிறது. சுற்றியிருப்பது அத்தனையும் மங்கல். கண் அங்கும் இங்கும் ஓடிப் பொறுக்கி வருவதை மூளை ஒட்டுப்போட்டு முழுக்காட்சி மாதிரி நம்மிடம் நீட்டுகிறது, நாமும் எல்லாவற்றையும் பார்த்துவிட்டதாக நம்பிவிடுகிறோம். குழந்தை சிரிக்கப்போகிறது என்று காத்திருக்கும்போது அந்த நகம் முகத்திலேயே ஒட்டிக்கொள்ளும், கம்பத்துக்குப் போகாது. 1999-இல் டேனியல் சைமன்ஸும் கிறிஸ்டோபர் சாப்ரிஸும் செய்த சோதனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்: வெள்ளைச் சட்டைக்காரர்கள் எத்தனை முறை பந்தைக் கைமாற்றுகிறார்கள் என்று எண்ணச் சொல்லி வீடியோ காட்டினார்கள், நடுவில் கொரில்லா வேஷம் போட்ட ஒருவர் வந்து நெஞ்சைத் தட்டிவிட்டுப் போகிறார், பார்த்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அவர் தெரியவே இல்லை. கொரில்லாவே தப்பிக்கிறது என்றால் கம்பம் எம்மாத்திரம்.

எனக்கும் நடந்ததுதான். சித்தப்பாவைப் பிரமாதமாக ஒரு படம் எடுத்து, பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அரை நிமிஷம் பார்த்துவிட்டு, "ஏண்டா, என் தலையில் எதுக்கு ஃபேன் சுத்துது?" என்றார். இறக்கைகள் மூன்றும் காதுக்கு மேலே கொம்பு மாதிரி நின்றிருந்தன.

அதற்கப்புறம் பிடித்துக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. ஃப்ரேம் வைத்ததும் முகத்தை விட்டுவிட்டு நான்கு ஓரங்களையும் ஒரு சுற்று சுற்றி வருவேன், பிறகு தலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். இரண்டு விநாடி வேலை. அநேகமாக ஓர் அடி நகர்ந்தால் போதும், கம்பம் தானே விலகிவிடும். ஆரம்பத்தில் இந்த இரண்டு விநாடியில் சிரிப்பு போய்விடும், போகட்டும்.

இது தப்பைத் தடுக்கிற வழி. உங்கள் நண்பர் பார்க்கிறாரே, அது வேறு. அதற்குக் கேமராவைக் கீழே வைக்க வேண்டும்.

வெயில் விழுகிற ஜன்னலோரம் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து எதிரே கால் மணி நேரம் உட்காருங்கள். முதல் நிமிஷத்தில் 'டம்ளர், தண்ணீர், நிழல்' என்று பெயர் சொல்லி மனசு வேலையை முடித்துக்கொள்ளும், சலிப்பாக இருக்கும், எழுந்துவிடாதீர்கள். ஐந்தாவது நிமிஷத்தில் நிழல் முழுக்க இருட்டு இல்லை, அதன் நடுவில் வெயிலைவிடப் பளிச்சென்று ஒரு கீற்று ஓடுகிறது என்று தெரியும், தண்ணீர் ஒளியைக் குவித்துப் போட்ட கீற்று அது. டம்ளர் வழியே கொஞ்சம் தூரத்தில் இருப்பதைப் பார்த்தால் இடம் வலமாகத் திரும்பியிருக்கும். டம்ளரை லேசாகத் தட்டினால் கீற்று நடுங்கும். கால் மணி நேரத்தில் வெயிலே நகர்ந்து நிழலின் கோணம் மாறியிருக்கும். இப்போது கேமராவை எடுங்கள், டம்ளரை எடுக்க மாட்டீர்கள், அந்தக் கீற்றைத்தான் எடுப்பீர்கள்.

நிறத்திலும் இதே ஏமாற்றுதான். வெள்ளைத் தாள் எங்கே வைத்தாலும் நமக்கு வெள்ளை, மூளை சரிக்கட்டிவிடுகிறது. பகலில் திறந்த வெளி நிழலில் அது வானத்தின் நீலத்தை வாங்கியிருக்கும், மஞ்சள் பல்புக்கு அடியில் மஞ்சளாகவே இருக்கும். புல்தரையில் உட்கார்ந்தவரின் தாடைக்கு அடியில் பச்சை ஏறியிருக்கும். ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டால் அப்புறம் பார்க்காமல் இருக்க முடியாது.

புது இடம் தேடி அலைவது கண்ணுக்கு அவ்வளவு நல்லதில்லை என்பது என் கட்சி. புது இடத்தில் எல்லாமே கண்ணில் படும், அதில் நம் சாமர்த்தியம் எதுவும் இல்லை. செக் புகைப்படக்காரர் யோசெஃப் சுடெக், முதல் உலகப்போரில் வலது கையை இழந்தவர், 1940-இல் தொடங்கி 1954 வரை பிராக் நகரில் தன் ஸ்டூடியோ ஜன்னலைத் திரும்பத் திரும்ப எடுத்தார். கண்ணாடியில் ஆவி படிந்த நாள், நீர் வழிகிற நாள், பனி உறைந்த நாள். ஜன்னல் ஒன்றேதான். நீங்கள் தினமும் கடக்கிற ஒரு சுவரை ஒரு மாதம் எடுங்கள், ஒரே லென்ஸில், ஜூம் இல்லாமல். முதல் வாரம் என்னைத் திட்டுவீர்கள்.

சரி, உங்கள் ஊஞ்சல் படம். கம்பம் இருக்கிறது, வாஸ்தவம்தான். ஆனால் பாப்பாவின் காலைப் பாருங்கள், ஒரு காலில்தான் செருப்பு இருக்கிறது. இன்னொன்று இடது ஓரத்தில், மண்ணில் குப்புற, பாதி வெட்டுப்பட்டுக் கிடக்கிறது.