மருத்துவர் பதில்: பங்களா சீலிங்கில் கிடந்த பஞ்சும் மூன்று வார இருமலும்

கேள்வி: தச்சு வேலை செய்யும் என் கணவர் (வயது 46), நுவரெலியாவுக்கு அருகே பழைய துரை பங்களா ஒன்றின் சீலிங்குக்கு மேலே, குளிருக்காகக் கொட்டப்பட்டிருந்த சாம்பல் நிறப் பஞ்சை, முகத்தில் துவாயைக் கட்டிக்கொண்டு இரண்டு நாட்கள் அள்ளினார். அதன் பின் மூன்று வாரங்களாக இருமல். அது அஸ்பெஸ்டஸ் என்று உடன் வேலை செய்தவர் சொல்கிறார். எக்ஸ்ரேயில் தெரியுமா? பாதி வேலை இன்னும் மீதம். (வாசகி, ஹட்டன்)

பதில்: எக்ஸ்ரேயில் தெரியாது. அஸ்பெஸ்டஸ் நாரால் வரும் நுரையீரல் தழும்பும் புற்றுநோயும் வெளிப்படப் பொதுவாகப் பத்து முதல் நாற்பது ஆண்டுகள் வரை ஆகும் என்பதால், இன்றைய இருமலுக்கு அவை காரணமாக இருக்க முடியாது. இரண்டு நாள் வேலையால் வரும் ஆபத்து, ஆண்டுக்கணக்கில் அந்தத் தூசியில் உழைத்தவரின் ஆபத்தைவிட மிகக் குறைவு. அறவே இல்லை என்று மட்டும் சொல்ல முடியாது. அவர் புகைப்பவரானால் இன்றே நிறுத்த வேண்டும், ஏனெனில் அஸ்பெஸ்டஸும் புகையும் சேரும்போது நுரையீரல் புற்றுநோய்க்கான வாய்ப்பு பன்மடங்காகிறது.

இருமலைத் தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் எந்த இருமலுக்கும் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும். அரசாங்க மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் இது இலவசம். சீலிங்குக்கு மேல் எலிப் புழுக்கையோ வௌவால் எச்சமோ கிடந்ததா என்பதையும் அங்குள்ள மருத்துவரிடம் சொல்லட்டும், ஏனெனில் வௌவால் எச்சத்தில் வளரும் ஒருவகைப் பூஞ்சை நுரையீரலைத் தாக்கக்கூடியது. காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் ஆகியவை இருந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அப்போது ஒரு நாளும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மீதி வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். அந்தப் பஞ்சு கண்ணாடி நாராகவும் இருக்கலாம், வெறும் கடதாசித் துகளாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்து எவராலும் சொல்ல இயலாது, ஆய்வுகூட நுண்ணோக்கியே சொல்லும். நம் கூரைகளில் உள்ள அஸ்பெஸ்டஸ் தகட்டில் நார் சீமெந்தோடு இறுகியிருக்கிறது. உதிரியாகக் கொட்டியதோ தொட்டாலே காற்றில் எழும். அவுஸ்திரேலியாவின் கன்பராவில் 1968 முதல் 1979 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் சீலிங்கில் இப்படி உதிரி அஸ்பெஸ்டஸ் நிரப்பினார்கள். பின்னர் அதை அகற்றியும் சுவர் இடுக்குகளில் நார் எஞ்சியிருந்ததால், அவ்வீடுகளை விலைக்கு வாங்கி இடிக்க 2014இல் அரசு தீர்மானித்தது. ஆகவே, பரிசோதிக்கும் செலவு பங்களா உரிமையாளருடையது, நாட்கூலிக்குப் போனவருடையதன்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அஸ்பெஸ்டஸ்தான் என்று தெரிந்தால் உங்கள் கணவர் மறுபடி அங்கே ஏறவே கூடாது. அது தகுந்த கருவிகளும் பயிற்சியும் உள்ளவர்களின் வேலை. இல்லையென்று தெரிந்தாலும் துவாய் போதாது: முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் என்95 முகக்கவசம் அணிந்து, பஞ்சை நீர் தெளித்து நனைத்தே அள்ள வேண்டும், காய்ந்த நிலையில் கூட்டக் கூடாது.

அவர் அன்று உடுத்த உடுப்பைத் துவைத்தாயிற்றென்றால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். துவைக்காமல் மூலையில் கிடந்தால் உதறாதீர்கள். நீர் தெளித்து ஈரமாக்கி, அந்தத் துவாயோடு சேர்த்து இரட்டைப் பையில் கட்டி, முடிவு வரும்வரை பிள்ளைகள் கைபடாத இடத்தில் வையுங்கள்.