14 லட்சத்தில் நாய் குளிப்பாட்டும் வேன்: மலையில் கட்டுப்படியாகுமா?

கேள்வி: கோவையில் பெட் குரூமிங் கடை ஒன்றில் 22,000 ரூபாய் சம்பளத்தில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் குன்னூர். வீடு தேடிப் போய் நாய்களைக் குளிப்பாட்டி முடிவெட்ட, வேன் கட்டி ஊரிலேயே தொழில் தொடங்க ஆசை. புது வேன் 7 லட்சம், பாடியும் உள்வேலையும் 6.5 லட்சம், கருவிகள் 50,000. கையில் 6 லட்சம் இருக்கிறது. மீதி 8 லட்சத்தை 11% வட்டியில் 5 வருடக் கடனாக வங்கி தரும். ஒரு நாய்க்கு 1,200 ரூபாய், தினம் 6 நாய் என்பது என் கணக்கு. இறங்கலாமா?

பதில்: தொழிலில் இறங்குங்கள். ஆனால் இந்த 14 லட்ச வேன் வேண்டாம்.

தினம் 6 நாய் என்பது கோவைக் கணக்கு. மலைக்கு நான் 3 தான் போடுவேன். 27 டிகிரியில் இருக்கும் 100 லிட்டர் தண்ணீரை 38 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 1.3 யூனிட் மின்சாரம் போதும். டிசம்பர் குளிரில் தொட்டித் தண்ணீர் 12 டிகிரிக்கு இறங்கினால் 3 யூனிட் ஆகும். 2 கிலோவாட் ஹீட்டருக்கு அது ஒன்றரை மணி நேர வேலை. அப்புறம் உலர்த்த வேண்டும். ஜெர்மன் ஷெப்பர்டை அடிரோமம் ஈரமாக இருக்கும்போது குளிரில் வெளியே விடவே கூடாது என்பது உங்களுக்கே தெரியும். ஏப்ரல், மே மாதங்களில் சீசன் நெரிசல், ஐப்பசி மழையில் மண்சரிவு. அதனால் மாதம் 20 நாள்தான் வேலை என்று வையுங்கள்.

60 நாய்க்கு 72,000 ரூபாய் வரும். உதவியாள், டீசல், ஷாம்பூ, இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் 38,000 என்றால் மிச்சம் 34,000. மாதத் தவணை சுமார் 17,400 போனால் கையில் நிற்பது 16,600. இப்போதைய சம்பளத்தைவிடக் குறைவு, சேமிப்பும் காலி.

செகண்ட் ஹேண்ட் வேன் ஒன்றை மெக்கானிக்கை வைத்துப் பார்த்து, 3.5 லட்சத்துக்குள் முடியுங்கள். உள்வேலைக்கும் கருவிகளுக்கும் 3 லட்சம். உங்கள் பணம் 4.5 லட்சம், முத்ரா கடன் 2 லட்சம். அதற்கு அடமானம் கேட்க மாட்டார்கள், வீட்டு நகையைத் தொட வேண்டாம். அதே வட்டியில் 3 வருடத்துக்குத் தவணை சுமார் 6,550. பழைய வண்டி ரிப்பேருக்கு மாதம் 3,000 ஒதுக்கினாலும் கையில் 24,000 நிற்கும். மீதி 1.5 லட்சம் அவசரத்துக்கு இருக்கட்டும். ஆண்டு வரவு 20 லட்சத்துக்கு வெகு கீழே இருப்பதால் ஜிஎஸ்டி பதிவு இப்போதைக்குத் தேவைப்படாது.

பாடி பில்டரிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: டப், மேசை, தொட்டி, பேட்டரி எல்லாம் போல்ட் போட்டுக் கழற்றும்படி இருக்க வேண்டும். குளியல் வேனாகவே விற்கப் போனால் வாங்க ஆள் தேட வேண்டியிருக்கும். வெறும் வேனை எவரும் வாங்குவார்கள். 200 லிட்டர் தண்ணீர் என்றால் 200 கிலோ. கொண்டை ஊசி வளைவில் அது ஒரு பக்கமாகச் சாயும்போது வண்டியையும் இழுக்கும். 100 லிட்டர் தொட்டி, உள்ளே தடுப்புத் தகடு, தாழ்வாகப் பொருத்தினால் போதும். மீதியை வாடிக்கையாளர் வீட்டுக் குழாயில் பிடித்துக்கொள்ளலாம். அழுக்குத் தண்ணீருக்குத் தனித் தொட்டி வையுங்கள். சோப்புத் தண்ணீரைத் தயவுசெய்து ஓடையில் விடாதீர்கள், கீழே அதைக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

வண்டியின் அமைப்பை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி ஆர்டிஓ அனுமதியும் ஆர்சியில் பதிவும் வேண்டும். இதை விட்டுவிட்டால், விபத்தின்போது இன்சூரன்ஸ் கம்பெனி கிளெய்மை மறுக்க இடம் கொடுத்ததாகிவிடும். எனவே வரைபடத்தை முதலில் ஆர்டிஓ அலுவலகத்தில் காட்டுங்கள், முன்பணம் பிறகு. அதையும் வேலை நடக்க நடக்கத் தவணையாகக் கொடுங்கள்.

மானியம் கிடைக்குமா என்பதையும் வண்டி வாங்கும் முன்பே ஊட்டி மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிடுங்கள். தொழில் தொடங்கிய பிறகு போனால், புதுத் தொழிலுக்கான திட்டங்களில் இடம் இருக்காது.

கோவை வேலையை இப்போதே விடாதீர்கள். விடுமுறை நாட்களில் குன்னூர், வெலிங்டன் பக்கம் கால்நடை மருத்துவர்களையும் நாய் வளர்ப்பவர்களையும் பார்த்துப் பேசுங்கள். மாதம் ஒரு முறை வரச் சொல்லும் 40 வீடுகள் நோட்டில் ஏறியதும் வேன் பார்க்கக் கிளம்பலாம்.